ஆப்பிரிக்காவுக்குப் போகிற துணி: அரபு ஸ்திரீட் கடை ஒன்றின் மதிப்புரை

பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யிங்கா ஷோனிபாரே ஆப்பிரிக்கத் துணி உடுத்திச் செய்யும் தலையில்லா உருவங்களைப் புத்தகத்திலும் கைபேசித் திரையிலும் மட்டுமே பார்த்தவர்களுக்கு அவருடைய கலையில் பாதிதான் கிடைத்திருக்கும். நிறமும் கோலமும் படத்தில் தெரிகின்றன. துணியின் விறைப்பும், அதன் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதும், ஓரக் கரையில் அச்சாகியிருக்கும் எழுத்துகளும் தெரிவதில்லை. மீதிப் பாதியைச் சிங்கப்பூரிலேயே கையால் தொட்டு அறிந்துகொள்ள முடியும் என்பதால்தான் அரபு ஸ்திரீட்டில் உள்ள இந்தத் துணிக்கடையைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் கவிகை தெரியும் தொலைவில், மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிக் கடைகளின் வரிசையில், வாசலிலேயே துணிச் சுருள்களை ஆளுயரத்துக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்தத் தெருவை அறிந்தவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

கடையின் முன்பகுதி மற்றக் கடைகளைப் போன்றதே: இந்தோனேசியப் பாத்திக், மணப்பெண்ணுக்கான சரிகை வேலைப்பாட்டுத் துணிகள், பட்டு என்ற பெயரில் விற்கப்படும் பாலியஸ்டர். இதன் சிறப்பு பின்பகுதியில் இருக்கிறது. இடப்பக்கச் சுவர் முழுவதும் மேற்கு ஆப்பிரிக்கர்கள் அணியும் வேக்ஸ் பிரிண்ட் (மெழுகு அச்சு) துணிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. விலை மூன்று தரங்களில் இருக்கிறது. சீனாவில் அச்சான துணி மீட்டர் பத்து சிங்கப்பூர் வெள்ளிக்கும் குறைவு. கானாவில் அச்சானது ஏறத்தாழ அதைப் போல் இரண்டு மடங்கு. ஹாலந்து நாட்டின் விலிஸ்கோ நிறுவனத்தின் துணி வெட்டி விற்கப்படுவதில்லை, ஆறு கஜத் துண்டாகத்தான் தருகிறார்கள், அதற்கு நூற்று ஐம்பது வெள்ளிக்கு மேல் ஆகும். பருத்திச் சட்டைத் துணிக்கு இது அதிக விலைதான். ஆனாலும் ஒரு முறை அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; வாங்கியாக வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை.

பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது துணியின் பின்பக்கம். மலிவான அச்சுத் துணியில் கோலம் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருக்கும், பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். உண்மையான வேக்ஸ் துணியில் முன் எது, பின் எது என்று சொல்வது கடினம். செதுக்கிய செப்பு உருளைகளைக் கொண்டு சூடான பிசினைத் துணியின் இரு பக்கத்திலும் ஒரே நேரத்தில், ஒரே கோலத்தில் பதிக்கிறார்கள். பிறகு அவுரி நீலச் சாயத்தில் தோய்க்கிறார்கள். பிசின் இருந்த இடத்தில் சாயம் ஏறுவதில்லை. பிசின் காய்ந்து வெடிக்கும் இடங்களில் சாயம் ஊறி மெல்லிய நரம்புகளாக ஓடும். ஒரு சுருளில் இந்த வெடிப்புக் கோடுகள் எந்த இரண்டு கஜத்திலும் ஒன்றுபோல் அமைவதில்லை. அதன் பிறகு மற்ற நிறங்கள் மேலே அச்சாகின்றன. அவை சில இடங்களில் நீலக் கோட்டை விட்டு நூலிழை விலகி விழுந்திருக்கும். கணினியில் வரைந்த கோலத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது முதலில் பிழையாகத் தோன்றலாம். சற்று நேரம் பார்த்தால் துணிக்கு உயிர் தருவதே இந்த விலகல்தான் என்று புரியும். சீனத் துணிகளில் சில இந்த வெடிப்பையும் விலகலையும் கூடக் கோலத்தின் பகுதியாக வரைந்தே அச்சிட்டு விடுகின்றன. அவற்றில் ஒரே வெடிப்பு ஒவ்வொரு முழத்துக்கும் திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிப்பது ஒரு சிறு விளையாட்டு.

அடுத்தது துணியின் உடல்வாகு. முதல் சலவைக்கு முன் வேக்ஸ் துணி மொடமொடவென்று, இலேசான மெழுகுப் பளபளப்புடன் இருக்கும். மடித்தால் மடிப்பு நிற்கும். கொசுவினால் கொசுவம் விரிந்து நிற்கும். ஷோனிபாரேயின் 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடைகள் ஏன் அப்படிக் காற்றடைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கின்றன என்பதற்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. பட்டில் தைக்க வேண்டிய பாவாடைகளையும் கோட்டுகளையும் அவர் சந்தையில் விற்கும் பருத்தியில் தைக்க வைக்கிறார். அந்தப் பருத்திக்கு அந்த உடைகளைத் தாங்கும் விறைப்பு இயல்பாகவே இருக்கிறது.

ஷோனிபாரே 1962இல் லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தார். மூன்று வயதில் குடும்பம் லாகோஸ் திரும்பியது. பதின்ம வயதில் மீண்டும் இங்கிலாந்துக்கு வந்தார். கலைக்கல்வியைத் தொடங்கிய காலத்திலேயே தண்டுவட அழற்சி அவருடைய உடலின் ஒரு பக்கத்தைச் செயலிழக்கச் செய்தது. பிறருடைய கைகளைத் துணைகொண்டு வேலை செய்யும் முறை அவருக்கு அங்கிருந்தே அமைந்தது. லண்டன் பயாம் ஷா கலைப்பள்ளியில் அவர் சோவியத் நாட்டின் பெரெஸ்த்ரோய்க்கா என்ற சீர்திருத்தக் கொள்கையைப் பற்றி ஓவியங்கள் செய்துகொண்டிருந்தபோது, நீ ஏன் அசலான ஆப்பிரிக்கக் கலையைச் செய்யக் கூடாது என்று ஆசிரியர் ஒருவர் கேட்டதாக அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். லாகோஸில் ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் யோருபா பேசி, தொலைக்காட்சியில் அமெரிக்கத் தொடர் பார்த்து வளர்ந்த இளைஞனிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. சிங்கப்பூரில் வளர்ந்த தமிழர்கள் பலருக்கு இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் அறிமுகமானதுதான். விருந்தினர் முன்னிலையில் பரதம் ஆடத் தெரியுமா என்று கேட்கப்படும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

அவர் அந்தக் கேள்வியைக் கோபத்தோடு ஒதுக்கிவிடவில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போனார். அங்கே ஆப்பிரிக்கத் துணி என்று விற்கப்பட்டதன் பூர்வீகத்தை விசாரித்தபோது, கோலத்தின் மூலம் ஜாவா என்றும், அச்சிட்ட இடம் ஹாலந்தும் மான்செஸ்டரும் என்றும் தெரியவந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வேறு மூலப்பொருள் தேவைப்படவில்லை. 1994இல் அவர் செய்த படைப்பு ஒன்றில், இந்தத் துணியைச் சிறு சிறு சட்டங்களில் இழுத்துக் கட்டி, மேலே வண்ணம் தீட்டி, இளஞ்சிவப்புச் சுவரில் ஐம்பது துண்டுகளாக வரிசைப்படுத்தினார். நவீன ஓவியத்தின் தூய கட்டங்களைச் சந்தைத் துணியால் கேலி செய்த படைப்பு அது.

துணியைத் தொட்டுப் பார்த்த பிறகு திரும்பப் பார்க்க வேண்டிய படைப்புகளில் முதலாவது 2001ஆம் ஆண்டின் ஊஞ்சல். பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகோனார் 1767 வாக்கில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் ஒரு பெண் ஊஞ்சலாடுகிறாள். அவளுடைய காலணி காற்றில் பறக்கிறது. ஊஞ்சலை ஒருவர் ஆட்டிவிட, புதருக்குள் படுத்திருக்கும் இளைஞன் அவளுடைய பாவாடைக்குள் பார்க்கிறான். ஷோனிபாரே அந்த இரண்டு ஆண்களையும் நீக்கிவிட்டுப் பெண்ணை மட்டும் முழு உருவமாக, தலையில்லாமல், கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சலில் வைத்தார். பார்வையாளர் நிற்கும் இடம் அந்த இளைஞன் படுத்திருந்த இடமாகிவிடுகிறது. அவளுடைய உடையில் உள்ள ஒரு துணியில் ஷனேல் நிறுவனத்தின் சின்னம் போலியாக அச்சாகியிருக்கிறது. பாரிஸ் ஆடம்பரத்தின் சின்னத்தை ஆப்பிரிக்கச் சந்தைக்கான துணி நகலெடுக்க, அந்தத் துணி பாரிஸ் சீமாட்டியின் உடலுக்கே திரும்பி வந்திருக்கிறது. போலி எது, அசல் எது என்று யாரைப் போய்க் கேட்பது? இந்தக் கடையின் சீனத் துணி அடுக்கிலும் அதுபோன்ற சின்னங்கள் போட்ட சுருள்கள் இருக்கின்றன. படைப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பார்த்ததும் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

2003ஆம் ஆண்டில் அவர் செய்த ஆப்பிரிக்கப் பங்கீடு அவ்வளவு எளிதாகச் சிரிக்க விடுவதில்லை. 1884-85இல் பெர்லினில் ஐரோப்பிய அரசுகள் கூடி ஆப்பிரிக்காவில் தங்கள் ஆதிக்கத்துக்கான விதிகளை வகுத்துக்கொண்ட மாநாட்டை அது காட்டுகிறது. நீண்ட மேசையின் மேற்பரப்பில் ஆப்பிரிக்காவின் வரைபடம். சுற்றிலும் பதினான்கு தலையில்லா ஆண்கள், விக்டோரியா காலத்துக் கோட்டும் காற்சட்டையும் வேக்ஸ் துணியில் அணிந்தபடி, கையை நீட்டியும் பின்சாய்ந்தும் வாதாடுகிறார்கள். எவருடைய நிலத்தைப் பங்கிடுகிறார்களோ அவர்களுடைய துணியே இவர்களுடைய சட்டையாக இருக்கிறது. அந்தத் துணியும் இவர்களுடைய ஆலைகளில் அச்சாகி அங்கே விற்கப்பட்டது. கொள்ளையும் வணிகமும் ஒரே தையலில் இணைந்திருப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன சிற்பத்தை நான் அறியவில்லை. தலையை எடுத்துவிட்டதற்குப் பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டின் கருவி ஒரு காரணம். இனம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. உருவங்களின் தோல் நிறமும் வெள்ளையும் கறுப்பும் அல்லாத இடைநிறமாகவே இருக்கும். துணிக்கடைகளில் தலையில்லாப் பொம்மைகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அவற்றின் அச்சுறுத்தல் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கடையின் நடுவிலேயே அப்படிப்பட்ட பொம்மை ஒன்று மஞ்சளும் நீலமுமான வேக்ஸ் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டித்தான் சுவருக்குப் போக வேண்டும்.

அந்தச் சுவருக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. நூறு விழுக்காடு அசல் ஆப்பிரிக்கத் துணி என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓரத்தில் சிங்கமும் கருவேல மரமும் வரைந்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே, கைக்கெட்டும் உயரத்தில், ஹாலந்தில் செய்யப்பட்டதற்கு உத்தரவாதம் என்று கரையில் அச்சான சுருள் இருக்கிறது. கடையில் நெடுங்காலமாக வேலை செய்பவர் கடையநல்லூர்ப் பூர்வீகமுள்ள ஒரு பெரியவர். “இதெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, பாய்?” என்று கேட்டேன். அவர் பலகையை ஏறெடுத்தும் பார்க்காமல், “இது ஆப்பிரிக்காவுக்குப் போகிற துணி, தம்பி. அங்கேயிருந்து வருவது கொஞ்சம்தான்” என்றார். ஷோனிபாரே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்சிக்கூடங்களில் சொல்லிவருவதை அவர் துணியை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பலகையை எழுதியவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாயின் கூற்றுக்கு ஆதாரமான வரலாறு நம்முடைய கடற்பகுதியைச் சேர்ந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம். ஜாவாவின் பெண்கள் சாந்திங் என்ற சிறு செப்புக் கருவியால் மெழுகை ஊற்றி வரைந்த பாத்திக்கை, 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் எந்திரத்தில் செய்து ஜாவாவிலேயே மலிவாக விற்க நினைத்தார்கள். ஹார்லெம் நகரில் ப்ரெவினேர் என்பவருடைய ஆலை பிசினைத் துணியின் இரு பக்கமும் பதிக்கும் எந்திரத்தை உருவாக்கியது. 1846இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய ஃபான் ஃப்லிஸிங்கன் குடும்பத்தின் ஆலைதான் இன்றைய விலிஸ்கோ. எந்திரத்தில் பிசின் வெடித்து ஓடிய நரம்புக் கோடுகளை ஜாவாவின் வாடிக்கையாளர்கள் குறையாகக் கருதினார்கள். நல்ல பாத்திக்கில் அப்படி இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய அளவுகோல். அதே துணியை ஸ்காட்லாந்து வணிகர் ஈபனீசர் பிரவுன் ஃபிளெமிங் 1890களில் இன்றைய கானாவான தங்கக் கரைக்குக் கொண்டுபோனபோது, அங்கே அந்த நரம்புக் கோடுகளே விரும்பப்பட்டன. 1831க்கும் 1872க்கும் இடையில் டச்சுப் படையில் சேர்ந்து ஜாவாவிலும் சுமத்ராவிலும் பணியாற்றிய ஆப்பிரிக்க வீரர்கள் ஊர் திரும்பும்போது பாத்திக்கைக் கொண்டுபோனதால்தான் அந்தச் சுவை அங்கே முன்பே ஏற்பட்டிருந்தது என்றும் ஒரு கதை உண்டு. வரலாற்றாய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை.

இத்துடன் நிறுத்திவிட்டால் ஆப்பிரிக்கர்கள் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது பலகையைவிடப் பெரிய தவறு. துணியில் எது வர வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெண் வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. டோகோ நாட்டின் லோமே நகரில் மொத்த வணிகம் செய்து மெர்சிடிஸ் கார் வாங்கும் அளவுக்குச் செல்வம் சேர்த்ததால் நானா பென்ஸ் என்றே பெயர்பெற்ற பெண்கள், எந்தக் கோலம் விற்கும், அதை எப்படி அழைப்பது என்று முடிவு செய்தார்கள். ஹெல்மண்டில் வெறும் எண்ணாக இருந்த கோலம் சந்தைக்கு வந்ததும் பெயரும் பொருளும் பெற்றது. கூண்டிலிருந்து பறவைகள் வெளியேறும் ஒரு கோலத்துக்கு, நீ வெளியே போனால் நானும் போவேன் என்று பெயர். கணவனுக்கு எச்சரிக்கையாக மனைவி அதை உடுத்துவாள். எங்கோ அச்சான துணி இப்படித்தான் ஆப்பிரிக்கத் துணியானது. ஷோனிபாரேயின் கலையில் இந்தப் பெண்கள் போதிய அளவு தென்படுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அவருடைய கேலி எப்போதும் ஐரோப்பாவை நோக்கியே திரும்பியிருக்கிறது; துணிக்குப் பொருள் கொடுத்தவர்கள் மேடைக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1950களில் ஸேடூ கெய்ட்டா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில், கோலமிட்ட உடையணிந்த பெண்கள் கோலமிட்ட திரைச்சீலையின் முன் அமர்ந்து கேமராவை நேராகப் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் குறை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

கடைக்கே திரும்புவோம். வேக்ஸ் சுவருக்கு எதிரே, இடுப்பளவு உயரத்தில், மலாய் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலுக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிகள் கிடக்கின்றன. மலாய் மொழியில் அவற்றின் பெயர் கைன் பெலிகாட். சென்னைக்கு வடக்கே, டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த பழவேற்காட்டின் பெயரே அதில் ஒலிக்கிறது. அதே கரையிலிருந்து போன மதராஸ் கட்டத் துணியைத்தான் நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இஞ்சிரி என்று அழைத்து, பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய சடங்குத் துணியாகப் போற்றுகிறார்கள். அவர்கள் அதை வாங்கி உடுத்துவதோடு நிற்பதில்லை. கலபாரிப் பெண்கள் ஊசியாலும் சவரக் கத்தியாலும் குறிப்பிட்ட நூல்களை ஒவ்வொன்றாக வெட்டி உருவி, கட்டங்களுக்கு உள்ளே புதிய கோலத்தைப் பிறப்பிக்கிறார்கள். நூலைச் சேர்த்துக் கோலம் செய்வதையே பார்த்த நமக்கு நூலை எடுத்துக் கோலம் செய்வது வியப்பாக இருக்கும். வெட்டிய பிறகு அது மதராஸ் துணியாக இருப்பதில்லை, கலபாரித் துணியாகிவிடுகிறது. நைஜீரியாவின் இக்போ மக்கள் விழாக்களில் உடுத்தும் மற்றொரு இந்தியத் துணிக்கு ஜார்ஜ் என்ற பெயர் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

ஆகவே இந்தக் கடையில் எதிரெதிரே இருக்கும் இரண்டு அடுக்குகளுக்கு இடையில் ஜாவா, ஹாலந்து, தங்கக் கரை, சோழமண்டலக் கரை, சிங்கப்பூர் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதை ஓர் அருங்காட்சியகம் செய்திருந்தால் சுவரில் விளக்கம் எழுதி, கண்ணாடிக்குள் வைத்து, தொடக் கூடாது என்றும் சொல்லியிருக்கும். கடைக்காரர்கள் இந்த உறவை அறிந்து அடுக்கியதாகத் தெரியவில்லை. இடம் இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். கைலிகளின் தரம் சுமார்தான் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சாயம் விடுகிறது. நல்ல கைலி வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கே போங்கள்.

துணியை அறிந்த கண்ணோடு ஷோனிபாரேயின் பிந்தைய படைப்புகளைப் பார்த்தபோது எனக்குச் சில மாற்றுக் கருத்துகள் தோன்றின. 2010இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காம் பீடத்தில் வைக்கப்பட்டு, பின்னர் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போன ‘போத்தலுக்குள் கப்பல்’ என்ற படைப்பு இன்னும் வலுவாகவே இருக்கிறது. கடற்படைத் தலைவர் நெல்சனின் விக்டரி கப்பலை அதன் முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்து, முப்பத்தேழு பாய்களுக்கும் வேக்ஸ் கோலமிட்ட துணியைப் போட்டிருக்கிறார். பேரரசின் வீரனுக்கு எழுப்பிய தூணின் எதிரே, அந்தப் பேரரசு கடல் கடந்து கொண்டுவந்த மக்களின் நிறங்கள் பாய்மரத்தில் ஏறின. 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுக்கு ஆற்றங்கரையில் உள்ள வெள்ளைச் சிலையைக் கலைஞர் டெங் கை வெய் பின்னணிக் கட்டடத்தின் நிறத்தில் தீட்டிக் கண்ணுக்கு மறையச் செய்ததும், அதன் பிறகு தொடக்ககாலத் தமிழ் வணிகர் நாராயண பிள்ளை உள்ளிட்ட நால்வரின் சிலைகள் ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் சிறிது காலம் நின்றதும் நினைவிருப்பவர்களுக்கு, ஒரு சிலைக்கு எதிரே மற்றொன்றை வைப்பதன் ஆற்றலை விளக்க வேண்டியதில்லை. 2014இல் செய்த ‘பிரிட்டிஷ் நூலகம்’ என்ற படைப்பும் அப்படியே: 6,328 புத்தகங்களுக்கு வேக்ஸ் துணியால் அட்டை போட்டு, பலவற்றின் முதுகில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களின் பெயர்களையும், குடியேற்றத்தை எதிர்த்தவர்களின் பெயர்களையும் பொன்னெழுத்தில் பொறித்தார். புத்தகத்தைத் துணியால் போர்த்துவதில் கைவேலை இருக்கிறது, துணி துணியாகவே இருக்கிறது.

காற்றுச் சிற்பங்கள் என்ற வரிசைதான் என்னைக் கவரவில்லை. காற்றில் பறக்கும் துணித் துண்டின் வடிவத்தைப் பல மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடியிழையில் வார்த்து, வேக்ஸ் கோலத்தை மேலே வண்ணமாகத் தீட்டியிருக்கிறார்கள். பூங்காவில் அழகாகவே நிற்கின்றன. ஆனால் வண்ணமாகத் தீட்டிய கோலத்துக்குக் கரை கிடையாது; எந்த ஆலையில் அச்சானது, யார் விற்றார்கள், யார் பெயர் வைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. எந்தத் துணி ஆப்பிரிக்க அடையாளம் என்ற முத்திரையைக் கேள்விக்கு உட்படுத்தியதோ, அதன் கோலமே இப்போது அவருடைய சொந்த முத்திரையாகிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பிரிட்டிஷ் பேரரசின் பெயர் தாங்கிய விருது 2004இல் கிடைத்தபோது அதை மறுக்காமல் தன் கலைப்பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். 2019இல் அதைவிட உயர்ந்த விருதையும் அப்படியே ஏற்றார். உள்ளே இருந்துகொண்டே குலைப்பது என்பது அவருடைய வழி. அந்த வழியில் எப்போது குலைப்பது நின்று இருப்பது மட்டும் எஞ்சுகிறது என்பதை ரசிகர்கள்தான் கவனிக்க வேண்டும். நம்முடைய விமானப் பணிப்பெண்களின் சாரோங் கெபாயாவை 1968இல் வடிவமைத்தவர் பியேர் பால்மான் என்ற பிரெஞ்சுக்காரர். அந்தப் பாத்திக் கோலமும் இன்று எவருக்கும் கேள்வியாகத் தோன்றுவதில்லை, நாட்டின் முகமாகவே ஆகிவிட்டது.

இனி கடையின் சேவை. துணி தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அது இந்தத் தெருவில் இப்போது அரிதாகி வருகிறது. எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்பதற்கு முன் என்ன தைக்கப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பெரிய கோலமுள்ள துணியில் சட்டை தைப்பதானால் முதுகின் நடுவில் கோலம் சரியாக அமைவதற்குக் கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று விரித்துக் காட்டி விளக்குகிறார்கள். விலிஸ்கோ துண்டைப் பிரித்துக் காட்டிவிட்டு மீண்டும் அதே மடிப்பில் மடித்து வைப்பதற்கு அவர்கள் சலித்துக்கொண்டதில்லை. சீனத் துணியைச் சீனத் துணி என்றே சொல்லி விற்கிறார்கள்; பலகையின் நேர்மையின்மை வாயில் இல்லை.

குறைகளும் உண்டு. விளக்குகள் மஞ்சளானவை, கடைக்குள் ஆழ்ந்த சிவப்பாகத் தோன்றும் துணி வெயிலில் செங்கல் நிறமாகிவிடுகிறது. ஆகவே வெட்டுவதற்கு முன் சுருளை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெட்டிய துணியைத் திரும்பப் பெறுவதில்லை. ஆயத்த ஆடைப் பிரிவைத் தாண்டிச் செல்வதே நல்லது: வேக்ஸ் துணியின் ஒட்டுத் துண்டுகளில் செய்த மெத்தையுறைகளும் கைப்பைகளும் தையல் பிரிந்து தொங்குகின்றன, விலையும் நியாயமில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மரத்தாலான முகமூடிகளை வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம். எந்த மக்களுடையவை, எந்தச் சடங்குக்கு உரியவை என்று யாருக்கும் தெரியவில்லை. ஆப்பிரிக்கா என்றால் முகமூடியும் இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஷோனிபாரேயை இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்பவர்கள் முதலில் விக்டோரியா ஸ்திரீட்டின் தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போய், மேல்தளங்களில் உள்ள கலை நூல்களில் பெரிய அளவிலான படங்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்தே கடைக்கு வரலாம். தொலைவு மிகக் குறைவு. வாங்குவதானால் என் பரிந்துரை கானாத் துணி. விலிஸ்கோவின் நிற ஆழம் அதில் இல்லை என்றாலும் இரு பக்கமும் ஒன்றுபோல் அச்சாகியிருக்கிறது, வெடிப்புக் கோடுகள் உண்மையானவை, நம் வெயிலுக்கு ஏற்ற கனம், சட்டைக்கும் குர்த்தாவுக்கும் பொருந்தும். முதல் சலவை தனியாக, குளிர்ந்த நீரில், உப்புப் போட்டு. தைக்கும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை சுருங்கிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகலில் ஹாஜி லேனுக்கு வரும் கூட்டம் உள்ளே புகுந்து பொம்மையோடு படம் எடுத்துக்கொண்டிருப்பதால், துணியை நிதானமாக விரித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு வாரநாள் காலையே ஏற்றது.